நான் வெட்டிய மூன்றாவது எட்டு

கயல், சுந்தர், போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஒரு ராப் பாட்டை வைத்துக்கொண்டு சுந்தர் அதை ட்ரில் வகை என்றான், கயல் ட்ராப் வகை என்றாள். தாளம் எந்த இடத்தில் விழுகிறது என்று இருவரும் மேசையில் தட்டித் தட்டிக் காட்டினீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன் ஏன் இன்னொருவனின் வீட்டையும் வாசலையும் இழுத்து இப்படி ஏசுகிறான் என்று கேட்டேன். "அது டிஸ்ஸுப்பா. நெசமாத் திட்டுறதில்ல. அவனும் பதிலுக்குப் போடுவான், அம்புட்டுத்தான்" என்றாய் கயல். கேசட்டுக் கடையிலேயே காலத்தைக் கழித்த அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சுந்தர் சிரித்தான்.

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். உங்கள் மேல் கோபம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். கோபமில்லை. நீ சொன்ன அந்தச் சின்ன விளக்கத்தை யாராவது எனக்கு அன்றைக்குச் சொல்லியிருந்தால், ஒரு குடும்பத்துக்கு நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேனோ என்று தோன்றியது. செய்திருப்பேனோ என்றும் தோன்றியது. அதில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம். வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். அதனால் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் நான் மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜமால் பாயின் ரெக்கார்டிங் சென்டரில் சேர்ந்தேன். எழுபதுகள் முடிகிற சமயம். முதல் வருசம் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். இரண்டாவது வருசம் கேசட் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதினேன். மூன்றாவது வருசம்தான் பாய் என்னை, ஓடுகிற டேப்பை நிறுத்திப் பிடிக்கிற பாஸ் பட்டனில் விரல் வைக்க விட்டார். படிப்பு என்று சொன்னால் எனக்கு அவ்வளவுதான்.

அந்த வேலை என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அப்போது பாட்டு வேண்டுமென்றால் நோட்டுத் தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிசக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்டுக்கொண்டு, இசைத்தட்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ அதில் ஏற்றித் தருவோம். சிலர் ரேடியோவில் பிடித்த பாட்டைக் கொண்டுவருவார்கள். அதில்தான் பாய்க்கு நிஜமான வேலை. பாட்டு ஆரம்பிக்கும்போது அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் விரும்பிக் கேட்டவர் பெயரையும் முன்னிசைக்கு மேலேயே பேசிவிடுவார். அந்தப் பேச்சைப் பாய் காணாமல் அடித்துவிடுவார். எப்படியென்றால், இரண்டு சரணத்துக்கு நடுவில் அதே இசை மறுபடி வரும். அந்தத் துண்டை எடுத்து முன்னால் வைத்து, பாடகர் மூச்சு இழுக்கிற இடத்தில் ஒட்டுவார். கத்தியும் கிடையாது, பசையும் கிடையாது. இரண்டு டெக், ஒரு பாஸ் பட்டன், டேப் ஓடிய அளவைக் காட்டும் மூன்று இலக்கக் கவுண்டர். விரலைப் பட்டனில் பாதி அழுத்தி வைத்திருக்க வேண்டும். அந்தப் பாதியைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ஒரு வருசம் ஆனது.

"பாட்டு மேல எவன் பேசுனாலும் அது பிரியாணியில விழுந்த ஈ" என்பார் பாய். ஆள் ஒல்லி. ஹெட்போனை இடது காதில் மட்டும் வைத்துக்கொள்வார். வலது காது கடைக்கு வருகிறவர்களுக்கு. நான் செய்த வேலையில் குறை இருந்தால் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மறுக்கா கேளு" என்பார். கேட்பேன், ஒன்றும் தெரியாது. மறுக்கா கேளு என்பார். நாலாவது தடவை எனக்கே கேட்கும். இன்னொன்று, வாடிக்கையாளர் கொண்டுவந்த மூலக் கேசட்டின் மேல் எதையும் ஏற்றக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. நகல் எத்தனை கெட்டாலும் மறுபடி போடலாம், மூலம் போனால் போனதுதான் என்பார்.

எண்பதுகளின் நடுவில் பிரேக் டான்ஸ் வந்தது. வில்லாபுரத்துப் பையன்கள் நாலு பேர் கையில்லாத பனியனும் நெற்றியில் கட்டிய துணியுமாகக் கடைக்கு வந்து, துபாயிலிருந்து வந்த ஒரு கேசட்டைக் கொடுத்தார்கள். நான் போட்டுக் கேட்டேன். டிரம்ஸ் அருமையாகப் போகிறது. ஆனால் அதன் மேல் ஒருவன் மூச்சு விடாமல் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருக்கிறான். "இந்த அறிவிப்பாளன் எப்பத்தான் வாய மூடுவான்?" என்றார் பாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, பேச்சில்லாத துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டி, சுத்தமான டிரம்ஸாக ஆக்கி வைத்திருந்தேன். பையன்கள் வந்து கேட்டார்கள். அவர்களில் உயரமானவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, பாடுனவன் எங்கண்ணே?"

"யாரு பாடுனா? பேசுனான். அதத்தான் எடுத்துட்டேன்."

"அந்தப் பேச்சுதாண்ணே பாட்டு. ராப்புண்ணே."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எனக்குக் கொஞ்சம் பாடம் எடுத்தார்கள். இது வேகமாகப் பேசுகிற தினுசு, இது ஒருவன் சொல்ல மற்றவர்கள் கூடச் சொல்கிற தினுசு, இது இயந்திரம் பேசுவதுபோல் பேசுகிற தினுசு என்றார்கள். கையை ஒரு மாதிரி நீட்டி "யோ" என்றார்கள். அது என்ன மரியாதை என்று பாய் கேட்டார். அது "என்ன மாப்ள" என்பது மாதிரி என்றார்கள். பாய் அந்தக் கேசட்டுகளுக்கு என்று தனித் தட்டு ஒதுக்கி, அதன் மேல் "பேச்சு" என்று என்னை எழுதச் சொன்னார்.

அப்படியானால் பேச்சை வெட்டக்கூடாது என்று நான் அன்றைக்கே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகுதான் வெட்டினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்த வருசம் மாசியோ பங்குனியோ, சரசு என்று ஒரு பெண் வந்தது. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிற பெண். அதனுடைய தம்பி ராசு கப்பலில் சமையற்கட்டில் வேலை பார்க்கிறான். வீட்டைவிட்டுப் போய் மூன்று வருசம் ஆகிறது, ஒரு கடிதம் கிடையாது. இப்போது திடீரென்று அமெரிக்காவிலிருந்து ஒரு கேசட் வந்திருக்கிறது. கூடத் துண்டுச் சீட்டுகூட இல்லை. உறையின் பின்னால் கப்பல் ஏஜென்ட் விலாசம் மட்டும் இருந்தது.

சரசு சிநேகிதி வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறது. ஒரு பக்கம் ரேடியோவில் பிடித்த இங்கிலீஷ் ராப். மறுபக்கம் அதே மாதிரி டிரம்ஸ், அதன் மேல் தம்பியே தமிழில் பேசியிருக்கிறான். முதலில் அக்காவை விசாரித்திருக்கிறான், கப்பல் கதை சொல்லியிருக்கிறான். அப்புறம் அப்பாவை ஏச ஆரம்பித்துவிட்டான். இரண்டு ஏச்சு கேட்டதும் மேலே கேட்க முடியாமல் சரசு நிறுத்திவிட்டது.

"எங்கப்பாவுக்குப் போன ஆவணியில தொண்டையில ஆபரேசன் ஆச்சுண்ணே. கொரலே இல்ல. காத்தாத்தான் வருது. அது இவனுக்குத் தெரியாது. தெரியாமத்தான் பேசிருக்கான். ஆனா கேக்குறவருக்கு அது தெரியுமா? கேசட்டு வந்தது அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெனம் கேக்குறாரு, எப்பம்மா போடுவன்னு. அந்த ஏச்ச மட்டும் எடுத்துருங்கண்ணே. அதுக்கு மேல ஏச்சு இருந்தாலும் எடுத்துருங்க."

அவர் என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டேன். லாட்டரி வண்டியில் மைக் பிடித்துச் சீட்டு கூவி விற்றவர், அழகர்சாமி என்று பெயர், பஸ் ஸ்டாண்டில் கேட்டிருப்பீர்கள் என்றது. கேட்டிருக்கிறேன், அவர் தனியாகக் கூவியதைத்தான். கேட்காதவர் மதுரையில் யார்? குரலை வைத்துப் பிழைத்த மனிதருக்குக் குரல் போயிருக்கிறது, பெற்ற பிள்ளை அதையே சொல்லிக் குத்துகிறான் என்றால் எனக்குச் சரசு சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

நான் போட்டுக் கேட்டேன். டிரம்ஸை யாரோ வெள்ளைக்காரனோ கறுப்பு மனிதனோ இயந்திரத்தில் போட்டிருக்கிறான், பின்னால் ஒரு சிரிப்பும் கேட்கிறது. ராசு பேசினான். அந்த ஏச்சு இப்படிப் போனது:

ஏலே கெழவா எந்திரிடா, ஒன் மைக்கு என்ன தூங்குதா?
கூவிக் கூவி வித்தியே, கோடி எவனுக்கு விழுந்துச்சு?

கொஞ்சம் டிரம்ஸ். அப்புறம் இரண்டாவது:

வெத்தல போட்ட வாயில வெறுங்காத்துதான் வருதா?
எட்டுத் தட்டு எண்ணிப் பாரு, ஏழுலயே மூச்சு நிக்குதா?

வெறும் காற்று என்ற இடத்தில் டெக்கை நிறுத்திவிட்டேன். இரண்டையும் எடுத்தேன். மூன்றாவதாக ஒன்று வந்தது. அதில் அவன் குரல் தணிந்துவிட்டது. பாதி இங்கிலீஷ், அதுவும் கப்பலில் பேசுகிற ஏதோ ஒரு இங்கிலீஷ், பாதி தமிழ், அவசரம் வேறு. ஏச்சு வார்த்தை எதுவும் என் காதில் விழவில்லை. இரண்டு தடவை போட்டேன். விளங்கவில்லை. முதல் இரண்டும் அப்படி இருந்ததால் இதில் அதைவிட மோசமாக ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அதையும் எடுத்துவிட்டேன். ஏசியதை வெட்டியதற்கு நான் காரணம் சொல்ல முடியும். புரியாததை வெட்டியதற்கு எனக்கு இன்றைக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

எடுத்த இடங்களில் எல்லாம் ஆரம்பத்தில் வருகிற வெறும் டிரம்ஸை வைத்து ஒட்டினேன். இயந்திர டிரம்ஸ் என்பதால் ஒட்டு துளியும் தெரியவில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. பாய் அந்த வாரம் ஊரில் இல்லை. சரசு இன்னொன்றும் கேட்டது. மூலக் கேசட் வீட்டில் இருந்தால் என்றைக்காவது அப்பா கையில் சிக்கிவிடும், அதன் மேல் முருகன் பாட்டு ஏற்றிக் கொடுங்கள் என்றது. நான் கொஞ்சம் தயங்கினேன். சரசு கண்ணைத் துடைத்தது. ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். பாய் வந்துவிட்டிருந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் படியேறி வந்தார். எங்கள் கடைப் பெயர் போட்ட, சரசு கொண்டுபோன நகலைக் கண்ணாடி மேசை மேல் வைத்து, போடு என்பதுபோல் கையைக் காட்டினார். போட்டேன். அவர் மோதிர விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார். முதல் ஒட்டு வந்தது. விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தட்ட ஆரம்பித்தார். இரண்டாவது ஒட்டில் விரல் நின்றது. மூன்றாவதிலும் நின்றது. அப்புறம் குனிந்து என் முகத்துக்கு நேராகப் பேசினார். கிட்டத்தில் போனால்தான் கேட்கும், வெறும் காற்று.

"நீங்கதான் வெட்டுனீங்களா தம்பி?"

நான் எதை என்றேன்.

"எட்டுத் தட்டுக்கு ஒரு வரி. இங்கன ஆறுல முடியுது. அங்கன அஞ்சு. கடைசியில மறுபடியும் ஆறு. என் மகன் கொலகூடப் பண்ணுவான், ஆறுல நிறுத்த மாட்டான். நான் அடிச்சு வளத்த தாளம்."

நான் ஒட்டுச் சத்தத்தைத்தான் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. பாய் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூலத்தின் மேல் முருகன் பாட்டு ஏற்றியதைச் சொல்லும்போது பாய் எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

பெரியவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. அவன் சொன்னத நீங்க சொல்லுங்க."

"ஐயா, அது ஏச்சுங்கய்யா."

"ஏச்சுன்னு தெரியாமலா கேக்குறேன்? சொல்லுங்க. தட்டுல சொல்லணும்."

பிள்ளைகளே, நான் மேடையேறியவன் இல்லை. ஒரு வாழ்த்துப் பாடச் சொன்னாலும் உதறுகிறவன். அப்பா வயதிருக்கிற மனிதரை நேருக்கு நேர் பார்த்து, கிழவா எந்திரிடா என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை பாட்டி செத்த செய்தி சொல்வதுபோல் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, மேசையில் எட்டு எண்ணித் தட்டிக் காட்டி, எட்டாவது தட்டில் "தூங்குதா" விழ வேண்டும் என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை விழுந்தது. உதட்டோரத்தில் சிரித்தார். இரண்டாவதையும் சொன்னேன். வெறும் காற்று என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. "எறக்காதீங்க, அதுதான் நல்ல அடி" என்றார்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. அப்பனும் மகனும் ஒரே லாட்டரி வண்டியில் இரண்டு மைக் வைத்திருந்தவர்கள். அப்பன் ஒரு வரி போட்டு மகனை ஏசுவார், மகன் அதே தட்டில் திருப்பி ஏசுவான். அதைக் கேட்கத்தான் கூட்டம் நிற்கும், நின்ற கூட்டம் சீட்டு வாங்கும். வீட்டில் அவரை அவன் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லையாம். மைக்கில் மட்டும்தான் டா போடுவான். கப்பலுக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று இவர் ஏசியது மைக்கில் இல்லை, வீட்டில். தாளமும் இல்லை. அந்த ஏச்சோடு போனவன்தான்.

"அப்ப இது விளையாட்டாங்கய்யா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். "தெரியல தம்பி. விளையாட்டாவும் இருக்கலாம், நெசமாவும் இருக்கலாம். ரெண்டாயிருந்தாலும் தட்டுல போட்டுருக்கான்ல. தட்டுல போட்டா பதில் போடுன்னு அர்த்தம். மூணாவது என்ன?"

மூன்றாவது நினைவில் இல்லை என்றேன். புரியவேயில்லை, அதனால் மனதில் நிற்கவில்லை என்றேன். அவருக்கு அந்த நிமிசம்தான் முகம் மாறியது.

"ஏசுன ரெண்டும் நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அவன் வாயில என்ன வரும்னு தெரியும். மூணாவதுதான் எப்பவும் சேதி. எங்களுக்கு ரெண்டு அடி, ஒரு சேதி. சீட்டு எது, குலுக்கல் என்னைக்குன்னு மூணாவதுலதான் சொல்லுவோம். இவன் என்ன சேதி சொன்னான்? வாரேன்னானா? வரமாட்டேன்னானா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தணிந்த குரல் நினைவுக்கு வந்தது, பின்னால் கேட்ட சிரிப்பு நினைவுக்கு வந்தது, ஒரு சொல்கூட வரவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் சொல்கிற அந்த வார்த்தையை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. மறுக்கா கேட்க அங்கே ஒன்றுமில்லை.

பெரியவர்தான் எழுந்தார். பதில் போட வேண்டும், மைக் இருக்கிறதா என்றார். பாய் அலமாரியிலிருந்து மைக்கை எடுத்துத் துடைத்து, அதன் தலையில் கட்டியிருந்த பஞ்சைக் கழற்றினார். அப்போதுதான் காற்றுக் குரலும் விழும் என்றார். ஒலி ஏற்றும் அளவுத் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்தார். இரைச்சல் வந்தால் வரட்டும் என்றார், பாட்டில் துளி இரைச்சலையும் பொறுக்காத மனிதர். நான் நகலில் இருந்த வெறும் டிரம்ஸை ஓடவிட்டேன். பெரியவர் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு இதைப் போட்டார்:

மூச்சு நின்னா என்னடா, முழு எட்டும் கையில இருக்கு!
சட்டி கழுவுற மகனே, ஒன் சத்தம் எனக்குக் கேட்டுருச்சு!

டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் அசையவேயில்லை என்றுதான் நினைத்தேன். அசைந்தது. இன்னொரு ஏச்சும் போட்டார், அதை உங்களுக்கு எழுத முடியாது, பாயே சிரித்துவிட்டார். மூன்றாவது வந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. எட்டுத் தட்டையும் மேசையில் விரலால் மட்டும் தட்டினார். மறுபடி ஒரு எட்டு, அதையும் தட்டினார். என்ன சேதி வந்தது என்று தெரியாமல் அவர் என்ன பதில் சொல்வார்?

போகும்போது பதில் கேசட்டை என்னிடமே கொடுத்து, ஏஜென்ட் விலாசத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார். ராசுவின் கேசட் வந்த, விலாசம் எழுதிய உறை அவர் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது.

"சரசுகிட்டச் சொல்லாதீங்க. என்னயக் காப்பாத்திட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

பாய் எனக்கு அன்றும் ஏச்சுக் கொடுக்கவில்லை, அடுத்த நாளும் கொடுக்கவில்லை. ஒரு வாரம் மூலக் கேசட் எதையும் என் கையில் தராமல் அவரே போட்டார். பிறகு ஒரு நாள் பழையபடி தந்தார். வேலையைவிட்டு அனுப்பியிருந்தால்கூட எனக்குத் தெளிவாக இருந்திருக்கும்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. சரசுக்கு டி. கல்லுப்பட்டியில் கல்யாணம் ஆகி, பெரியவரும் அங்கேயே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒன்றரை வருசமோ இரண்டு வருசமோ கழித்து நான் ராஜபாளையம் போகும்போது, திருமங்கலத்தில் பஸ் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு லாட்டரி வண்டி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் உட்கார்ந்து, கதவின் வெளிப்பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து ஒரு வாலிபக் குரல் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரல்தானா என்று காதைக் கொடுத்தேன். ஹாரன் ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். நான் இறங்குவதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். அது அவர்கள்தான் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். தாளம் தெரிந்த கிழவர்கள் மதுரைச் சீமையில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் சொல்கிறபடி அந்த ஏச்செல்லாம் விளையாட்டுத்தான் என்றால், சரசு பயந்தது வீண், நான் வெட்டியதும் வீண். ஆனால் விளையாட்டென்று சரசுக்கும் நிச்சயமில்லை, பெரியவருக்கும் நிச்சயமில்லை. ராசுவுக்காவது நிச்சயமாகத் தெரிந்திருக்குமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாயிடம்கூட. பெரியவர் போன அன்று சாயங்காலம் கேசட்டை அனுப்ப நான் தனியாகத் தபாலாபீசுக்குப் போனேன். உறையில் விலாசத்தை எழுதி முடித்தேன். ஒட்டப் போகும்போது கை வரவில்லை. மேசையில் கிடந்த ஒரு பழைய படிவத்தை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: "தம்பி ராசுவுக்கு. உங்கள் கேசட்டில் மூன்றாவதாக நீங்கள் சொன்னது உங்கள் அப்பாவை வந்து சேரவில்லை. அவர் வெட்டச் சொல்லவில்லை. அக்கா அந்த மூன்றாவதைக் காதால் கேட்கவே இல்லை. வெட்டியது கேசட்டுக் கடைக்காரன் நான். எனக்கு அது புரியவில்லை. இதில் உங்கள் அப்பா பேசாமல் தட்டுகிற இடம் அதற்காக விட்ட இடம். தயவுசெய்து மறுபடி சொல்லி அனுப்பவும். இப்படிக்கு, முருகேசன்."

அதை மடித்துக் கேசட்டைச் சுற்றி உள்ளே வைத்து, பசையைத் தடவி, அது காயும்வரை உறையின் வாயை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன்.